எல்லா எடைக்கும் ஒரே மாத்திரையா?

*வருடம் முழுக்க வெயிலடிக்கும் திருப்பூரில் கர்ப்பிணிகளின் வைட்டமின் டி பற்றி ஏன் பேச வேண்டியிருக்கிறது? ஷிஃப்ட் நேரமும் உடல் எடையும் சேர்ந்து போடும் கணக்கு இது.*

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை என்றால் கர்ப்பிணிகள் நாள். பதிவு முடிந்ததும் நடக்கும் முதல் காரியம், செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நிற்பது. எடை தாய் சேய் நல அட்டையில் ஏறும். அடுத்தடுத்த மாதங்களில் அந்த எண்ணைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: போன தடவைக்கு இந்தத் தடவை கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் குழந்தை வளர்கிறது என்று அர்த்தம். நர்ஸம்மாவுக்கும் நிம்மதி, மாமியாருக்கும் நிம்மதி.

நான்காம் மாதம் தொடங்கியதும் கால்சியம் மாத்திரை கைக்கு வரும். ஊர்ப்பேச்சில் சுண்ணாம்புச்சத்து மாத்திரை. அதற்குள்ளேயே வைட்டமின் டி-யும் இருக்கிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. 42 கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் அதுதான், 84 கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் அதுதான். இருவருக்கும் அட்டையில் எடை எழுதியிருக்கிறது. ஆனால் அந்த எடைக்கும் கையில் கொடுத்த மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் பார்ப்பதில்லை. உண்டு என்கின்றன கடந்த 25 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள். எவ்வளவு உண்டு, அதற்கு என்ன செய்யலாம் என்பதில்தான் மருத்துவ உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இந்தக் கேள்வி எல்லா ஊருக்கும் பொருந்தும். திருப்பூருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும்.

எட்டரைக்கு உள்ளே, எட்டரைக்கு வெளியே

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு வட்டாரத்திலிருந்து போகிறது. அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, பி.என். ரோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன்கள், ஸ்கூட்டர்கள், டிபன் பையோடு நடக்கும் பெண்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து லைன் வீடுகளில் தங்கியிருப்பவர்கள், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள், சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள் என எல்லாரும் கலந்த கூட்டம். ஸ்கூட்டரில் வரும் பெண்கள் ஷாலை முகத்தைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள், கையில் முழுநீள உறை. தூசியிலிருந்தும் கறுத்துப்போவதிலிருந்தும் தப்ப அது.

எட்டரைக்கு ஷிஃப்ட் தொடங்கும். ஓவர்லாக், ஃப்ளாட்லாக் மெஷினில் டெய்லர்கள் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பது டீ டைமுக்குத்தான். கைமடிப் பெண்கள் பீஸ்களை மடித்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். செக்கிங் டேபிளில் டியூப்லைட் வெளிச்சத்துக்குக் கீழே ஒவ்வொரு பனியனையும் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று தேட வேண்டும். கர்ப்பமாக இருப்பது தெரிந்தால் அயர்ன் டேபிளின் சூட்டிலிருந்து நகர்த்தி, உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுப்பது உண்டு. நல்ல எண்ணத்தோடு செய்வதுதான். அதில் உடம்பு அசைவது இன்னும் குறைகிறது.

காலை டீக்குப் போண்டாவோ பன்னோ. மதியச் சாப்பாடு பெரும்பாலும் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை, கம்பெனிக்குள்ளேயே, கூரைக்குக் கீழேயே. சரக்கு அனுப்பும் அவசரம் இருந்தால் சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடியாது. ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு எட்டரைக்கு வெளியே வந்தால் வழியில் பரோட்டாக் கடைதான் திறந்திருக்கும். சமைக்கத் தெம்பு இருக்காது.

இந்த ஒரு நாளுக்குள் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கின்றன. வெயில் தோலில் படாமல் போகிறது. எடை கூடுகிறது.

எந்த வெயில், எத்தனை மணிக்கு?

சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால், அங்கே இருக்கும் கொழுப்புப் பொருள் ஒன்று வைட்டமின் டி ஆக மாறத் தொடங்குகிறது. கல்லீரல் அதைச் சேமிக்கத்தக்க வடிவத்துக்கு மாற்றுகிறது. ரத்தப் பரிசோதனையில் அளப்பது இந்த வடிவத்தைத்தான். அதைச் செயல்படும் ஹார்மோனாக மாற்றுவது சிறுநீரகத்தின் வேலை. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியும் அந்த வேலையில் பங்கெடுக்கிறது. குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச இந்த ஹார்மோன் வேண்டும். ராகிக் களியும் முருங்கைக்கீரையும் எவ்வளவு சாப்பிட்டாலும் அவை தருவது கால்சியத்தை. அதை உடம்புக்குள் இழுத்துக்கொள்ள உதவும் வைட்டமின் டி அவற்றில் இல்லை. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் கொஞ்சம் உண்டு. நம் சாப்பாட்டில் மற்றபடி அது அரிது.

புற ஊதா பி கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. ஜன்னலோர மெஷினில் உட்கார்ந்தாலும் வெளிச்சம் கிடைக்கும், வைட்டமின் கிடைக்காது. இன்னொரு விஷயம், சூரியன் சரிந்திருக்கும்போது இந்தக் கதிர் வளிமண்டலத்திலேயே பெருமளவு தங்கிவிடும். ‘காலை இளவெயில்தான் உடம்புக்கு நல்லது’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கண்ணுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். திருப்பதியில் டாக்டர் சி.வி. ஹரிநாராயண் குழுவினர் இதைச் சோதித்தே பார்த்தார்கள். அந்த அட்சரேகையில் வைட்டமின் டி உருவாகும் நேரம் காலை 11 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை என்பது அவர்கள் கண்டது. திருப்பூர் அதற்கும் தெற்கே, 11 பாகையில் இருக்கிறது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. கம்பெனிப் பெண் வெயிலில் நடக்கும் நேரம் காலை எட்டும் மாலை ஐந்தரையும். பயனுள்ள மூன்று மணி நேரமும் அவர் டியூப்லைட்டுக்குக் கீழே.

கர்ப்பத்தில் இன்னொரு பயமும் சேர்கிறது. ‘வெயில்ல சுத்துனா கொழந்தை கருத்துப் பொறக்கும்’ என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். வயிற்றுக் குழந்தையின் நிறத்துக்கும் அம்மா வெயிலில் நிற்பதற்கும் தொடர்பே கிடையாது. நிறம் பெற்றோர் வழி வருவது.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வைட்டமின் டி-யைத் தானாக உண்டாக்கிக்கொள்ள வழியில்லை. அம்மா ரத்தத்தில் இருப்பது நஞ்சுக்கொடி வழியாகப் போனால்தான் உண்டு. பிறந்த பிறகும் தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவ அகாதமி, பிறந்த குழந்தைக்கு ஒரு வயது வரை தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறது. அம்மாவிடம் இருப்பு மிகக் குறைவாக இருந்து, சொட்டு மருந்தும் கொடுக்காமல் விட்டால், குழந்தைக்குக் கால்சியம் இறங்கி வலிப்பு வருவதுண்டு, எலும்பு வளைவதுண்டு.

வெயில் நாடு என்பதால் நம்மிடம் குறை இருக்காது என்ற நம்பிக்கை 2005-லேயே உடைந்தது. லக்னோவில் 207 கர்ப்பிணிகளைப் பரிசோதித்ததில் 84 சதவீதம் பேருக்கு அளவு குறைவு. திம்பம் மலை ஏறி இறங்கினால் வரும் மைசூரில், ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 559 கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான முடிவின்படி 66 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ். அந்தத் தாய்மார்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை அதிகம் வரவில்லை, குழந்தைகளின் பிறப்பு எடையும் குறையவில்லை என்பதையும் அதே ஆய்வு நேர்மையாகப் பதிவு செய்தது. அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. வைட்டமின் டி குறைவாக இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஒன்பதரை வயதில் கைத்தசை சற்றுச் சிறுத்திருந்தது, இன்சுலின் எதிர்ப்பு சற்றுக் கூடியிருந்தது.

எடை எப்படிக் கணக்கை மாற்றுகிறது?

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடம்பில் கொழுப்புத் திசு கூடினால் அது போய்த் தங்கும் இடமும் கூடுகிறது, ரத்தத்தில் மிஞ்சுவது குறைகிறது. இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு அமெரிக்காவில் 2000-ல் வந்தது. பருத்த உடம்புள்ளவர்களையும் மற்றவர்களையும் ஒரே அளவு புற ஊதாக் கதிரில் நிற்க வைத்தார்கள். இரு தரப்பினர் தோலிலும் மூலப்பொருள் ஒரே அளவுதான் இருந்தது. ஆனால் 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால், பருத்தவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி ஏறியது மற்றவர்களைவிட 57 சதவீதம் குறைவு. தோல் தன் வேலையைச் செய்துவிட்டது. சரக்கு ரத்தத்துக்கு வரவில்லை.

கொழுப்பு அதைப் பூட்டி வைத்துக்கொள்கிறதா, அல்லது பெரிய உடம்பில் பரவி நீர்த்துப்போகிறதா என்று பிறகு ஒரு விவாதம் எழுந்தது. நெப்ராஸ்காவின் ஒமாஹா நகர ஆய்வாளர்கள் 2012-ல் இரண்டாவது விளக்கமே பொருந்துகிறது என்றார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் பருத்தவர், மெலிந்தவர் வித்தியாசம் பெருமளவு மறைந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாயப்பட்டறையில் துணியின் எடையைப் பார்க்காமல் யாரும் சாயம் நிறுப்பதில்லை. 100 கிலோ துணிக்கு 2 கிலோ சாயம் போட்டால் 2 சதவீத ஷேடு. அதே 2 கிலோவை 150 கிலோ துணிக்குப் போட்டால் நிறம் வெளுத்துத்தான் வரும், பையர் திருப்பி அனுப்புவார். பனியனுக்கு எடை பார்த்து நிறுக்கும் ஊரில், அதைத் தைக்கும் பெண்ணுக்கு எடை பார்க்காமல் மாத்திரை போகிறது.

கர்ப்பிணிகளில் இதைப் பார்த்த முக்கியமான ஆய்வு பிட்ஸ்பர்க் நகரிலிருந்து 2007-ல் வந்தது. கர்ப்பத்துக்கு முன்பே உடல் பருமன் இருந்த பெண்களில் 61 சதவீதம் பேருக்குக் கர்ப்பத்தின் முதல் பாதியில் வைட்டமின் டி பற்றாக்குறை. மெலிந்த பெண்களில் அது 36 சதவீதம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, பருமனான அம்மாக்களுக்குப் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அளவு குறைந்திருந்தது. அம்மா உடம்பில் எங்கோ இருப்பு இருக்கிறது. குழந்தைக்குப் போகவில்லை.

கர்ப்பத்துக்குள் கூடும் எடைக்கும் பங்கு உண்டு. சௌதாம்ப்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு மூன்று நகரங்களில் நடந்த ‘மாவிடோஸ்’ சோதனையில் கர்ப்பிணிகளுக்கு 14-வது வாரத்திலிருந்து தினமும் 1000 யூனிட் கொடுத்தார்கள். ஒரே மாத்திரை, ஆனால் 34-வது வாரத்தில் எல்லாருக்கும் ஒரே பலன் இல்லை. கர்ப்பத்தில் அதிக எடை கூடியவர்களுக்கும், மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்களுக்கும், குளிர்காலத்தில் பிரசவித்தவர்களுக்கும் ரத்த அளவு குறைவாகவே ஏறியிருந்தது. கர்ப்பிணிகள் அல்லாத 16,000-க்கு மேற்பட்டவர்களைப் பார்த்த அமெரிக்காவின் ‘வைட்டல்’ ஆய்வும் 2023-ல் இதையே சொன்னது. தினமும் 2000 யூனிட் எடுத்தும் பருமனானவர்களுக்கு மற்றவர்கள் அளவுக்கு ஏறவில்லை.

தமிழ்நாட்டுத் தராசு

தமிழ்நாட்டுப் பெண்களின் எடை ஐந்தே வருடத்தில் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைத் தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. 2015-16-ல் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன். 2019-21-ல் அது 40.4 சதவீதம். அகில இந்திய அளவு 24 சதவீதம்தான். அதே சமயம் தமிழ்நாட்டில் 12.6 சதவீதம் பெண்கள் எடை குறைந்தவர்கள், கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. ஒரே செவ்வாய்க்கிழமை வரிசையில் இரண்டு வகையினரும் நிற்கிறார்கள். எடை கூடியவருக்கும் ரத்தசோகை இருக்கலாம். குண்டாக இருந்தால் சத்தாக இருக்கிறார் என்று பொருளில்லை.

இந்த 40.4 சதவீதமும் உடல் நிறை எண் 25-க்கு மேல் என்ற உலக அளவுகோலில் எடுத்தது. தெற்காசிய உடம்பில் அதே எடைக்குக் கொழுப்பின் பங்கு அதிகம். இந்திய மருத்துவர்கள் 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று கொள்வது அதனால்தான். வைட்டமின் டி போய்த் தங்குவது கொழுப்பில் என்கிறபோது, இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

இதைப் படித்துவிட்டுக் கர்ப்பத்தில் பட்டினி கிடந்து எடையைக் குறைக்க யாரும் கிளம்பிவிடக் கூடாது. கர்ப்பகாலம் எடை குறைக்கும் காலமில்லை. சராசரி எடையுள்ள பெண்ணுக்கு 9 முதல் 11 கிலோ கூட வேண்டும் என்பது நம் அட்டை சொல்லும் கணக்கு. ஏற்கெனவே பருமனாக இருப்பவர்களுக்கு 5 முதல் 9 கிலோ போதும் என்று அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2009-ல் வகுத்தது. நம் செவிலியர்களோ கூடினால் சந்தோஷம் என்ற ஒரே அளவுகோலில் பழகியவர்கள். பட்டினி பரவலாக இருந்த காலத்து அளவுகோல் அது.

500 யூனிட் எங்கிருந்து வந்தது?

மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் கர்ப்பிணிகளுக்கான கால்சியம் வழிகாட்டியை வெளியிட்டது. ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி-யும். தினமும் இரண்டு, 14-வது வாரத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை. இதன் முதல் நோக்கம் கர்ப்பகால ரத்தக்கொதிப்பைக் குறைப்பது. அதற்கு வேண்டியது கால்சியம். கால்சியத்தை உறிஞ்சத் துணைக்குப் போனது வைட்டமின் டி. தனக்கென்று ஒரு பற்றாக்குறையைத் தீர்க்க அந்த 500 யூனிட் வரவில்லை.

அந்த 500-ம் முழுதாகப் போய்ச் சேர்கிறதா? இப்படியொரு உரையாடல் எந்தச் சுகாதார நிலையத்திலும் காதில் விழக்கூடியது:

“மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறயா அம்மிணி?”

“போடறனுங்க சிஸ்டர். காலைல வேனுக்கு ஓடற அவசரத்துல மறந்துருதுங்க. ராத்திரி வந்து எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டர்றனுங்க.”

‘எல்லாம்’ என்பதில் இரும்புச்சத்து மாத்திரையும் அடக்கம். கால்சியத்தோடு சேர்ந்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் சாப்பாட்டோடு, இரும்பு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்பது விதி. ஒன்றரை ஷிஃப்ட் பார்ப்பவரின் நாளில் அந்த இரண்டு மணி நேர இடைவெளியைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

வேண்டிய அளவு எவ்வளவு என்பதில் உலகம் ஒத்துப்போகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் தினசரி 600 யூனிட் என்று பரிந்துரைத்தன. உலக சுகாதார நிறுவனம் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கத் தேவையில்லை, குறை இருக்கும் என்று சந்தேகப்படுபவர்கள் 200 யூனிட் எடுக்கலாம் என்கிறது. அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 2011-ல் கர்ப்பிணிகளுக்கு 1500 முதல் 2000 யூனிட் தேவைப்படலாம், பருமனானவர்களுக்கு வழக்கமான அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேண்டும் என்றது. அதே சங்கம் 2024-ல் கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, கர்ப்பிணிகளுக்கும் சரி பருமனானவர்களுக்கும் சரி, வழக்கமாக எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டது.

பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவக் கல்லூரி, உடல் பருமன் உள்ள கர்ப்பிணிகள் பற்றிய தன் 2018 வழிகாட்டியில் நடுநிலையாக ஒன்றைச் சொன்னது. இவர்களுக்கு வைட்டமின் டி குறையும் வாய்ப்பு அதிகம் என்பது உறுதி. மாத்திரை கொடுத்தால் ரத்த அளவு ஏறும். அதனால் பிரசவமும் குழந்தையின் நலமும் மேம்படுமா என்பதற்கு ஆதாரம் போதவில்லை.

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. வைட்டமின் டி கர்ப்பகால ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் குறைக்கலாம் என்று 2019-ல் சொன்ன காக்ரேன் தொகுப்பாய்வு, நம்பகத்தன்மை உறுதியாகாத சோதனைகளை நீக்கிவிட்டு 2024-ல் மறுபடி பார்த்தபோது, அந்த நம்பிக்கையைத் தளர்த்திக்கொண்டது. டாக்காவில் 1300 கர்ப்பிணிகளிடம் நடந்த பெரிய சோதனையில், வாரம் 28,000 யூனிட் வரை கொடுத்தும் குழந்தைகளின் வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை என்று 2018-ல் முடிவு வந்தது.

ஆக, ‘வைட்டமின் டி போட்டால் எல்லாம் சரியாகும்’ என்று சொல்ல வழியில்லை. பற்றாக்குறையை அப்படியே விடுவதும் சரியில்லை. குழந்தையின் எலும்புக்கும் கால்சியத்துக்கும் அது வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நம் ஊரில் இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஆபத்து ஒன்று உலவுகிறது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 60,000 யூனிட் பாக்கெட். ஒரே பாக்கெட்டில் அரசு மாத்திரையின் 120 நாள் அளவு. கடும் பற்றாக்குறைக்கு மருத்துவர் கணக்குப் பார்த்து, வாரக்கணக்கு சொல்லி எழுதிக் கொடுப்பது அது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று கர்ப்பத்தில் வாங்கிக் குடிப்பதற்கில்லை. தினசரி 4000 யூனிட்டுக்கு மேல் மருத்துவர் கண்காணிப்பில்லாமல் போகக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அதிகமானால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

பம்பாய் மில்லில் தொடங்கிய பாடம்

பஞ்சாலைப் பெண்களின் கர்ப்பத்திலிருந்து மருத்துவ உலகம் பாடம் படித்த வரலாறு ஒன்று உண்டு. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையில் இறந்துகொண்டிருந்தார்கள். கிருமி என்று பலர் நினைத்தபோது வில்ஸ் அந்தப் பெண்களின் சாப்பாட்டைப் பார்த்தார். ஏழைப் பெண்களுக்கு வருவது வசதியானவர்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். 1929-ல் நீலகிரிக்கு வந்து குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1931-ல் சென்னையின் கோஷா ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் இந்த ரத்தசோகையைக் குணமாக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதில் இருந்த பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. இன்று உலகமெங்கும் கர்ப்பிணிகள் விழுங்கும் மாத்திரைக்கு வேர் அங்கே இருக்கிறது.

அதே குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் வளர்த்த ஊட்டச்சத்து ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய்ப் பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. இன்று நமக்கு 600 யூனிட் என்று சொல்வது அந்த நிறுவனம்தான். திருப்பூரிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில் தொடங்கிய வேலை அது.

இடைவேளையை என்ன செய்யலாம்?

கம்பெனிச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை. வைட்டமின் டி உருவாகும் நேரத்துக்குள் அது அப்படியே அடங்குகிறது. முகமும் முன்கையும் படும்படி கால் மணி முதல் அரை மணி நேரம், வாரத்தில் சில நாள் வெளியே நிற்க முடிந்தால் பெரும்பாலோருக்கு உதவும். கறுத்த தோலுக்கு நேரம் கொஞ்சம் கூடத் தேவை. பருமனானவர்களுக்கு வெயில் மட்டும் போதாது என்பதை முன்னே பார்த்தோம்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கருச்சிதைவு 5 சதவீதம், மற்றவர்களுக்கு 2 சதவீதம். கார்த்திகை, மார்கழி, தை மாதத்து மதியத்தில் சொல்வதைச் சித்திரைக் கத்திரியில் சொல்ல முடியாது. கோடையில் கர்ப்பிணி மாத்திரையை நம்புவதே நல்லது. அயர்ன் டேபிள் சூடும் தகர ஷெட் வெக்கையும் வெப்பம்தான். அவற்றிலிருந்து விலக்கி வைப்பது முதல் கடமை.

சாப்பாட்டில் சிறு வழிகள் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் வகுத்த விதிப்படி செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வைட்டமின் டி இருக்க வேண்டும். ஒரு டம்ளரில் 40 முதல் 60 யூனிட். பெரிய தொகையில்லை, ஆனால் தினமும் சேரும். ரேஷன் பாமாயிலும் செறிவூட்டியதுதான். பால் பாக்கெட்டில் செறிவூட்டலுக்கான ‘பிளஸ் எஃப்’ குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

அடுத்தது கம்பெனியும் சட்டமும். ஈ.எஸ்.ஐ.யில் பெயர் இருக்கும் பெண்ணுக்கு 26 வாரம் வரை முழுச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. பவர் டேபிள் எனப்படும் சிறு தையல் கூடங்களில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் பலருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஆறாம் மாதத்தில் கம்பெனி மாறினால் பரிசோதனைத் தொடர்ச்சியும் அறுந்துபோகும். ஊருக்குப் பிரசவத்துக்குப் போகும் ஒடிசாப் பெண்ணின் அட்டை அவரோடு போய்விடும். எடைக்கேற்ற மாத்திரை என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

*கர்ப்பிணிகள் கவனிக்க:*

- கால்சியம் மாத்திரை இரண்டையும் சாப்பாட்டோடு போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை அதோடு சேர்க்காமல், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள்.
- கர்ப்பத்துக்கு முன் உங்கள் எடை எவ்வளவு, என்ன வேலை, எத்தனை மணி நேரம் உள்ளே இருக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.
- உடல் நிறை எண் 25-ஐத் தாண்டியிருந்தால், ‘எனக்கு இந்த வைட்டமின் டி போதுமா?’ என்று கேளுங்கள். கூட்டுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.
- 60,000 யூனிட் பாக்கெட்டைச் சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.
- குழந்தை பிறந்ததும் 400 யூனிட் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

தனி ஒரு பெண் இவ்வளவுதான் செய்ய முடியும். மிச்சம் ஊர் செய்ய வேண்டியது. திருப்பூரில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தராசு எல்லாச் சுகாதார நிலையத்திலும் இருக்கிறது. முதல் பதிவில் எடை, வேலை பார்க்கும் பிரிவு, ஷிஃப்ட் நேரம், விழுங்கிய மாத்திரைகளின் எண்ணிக்கை, பிரசவத்தில் தொப்புள்கொடி ரத்தம் என்ற ஐந்தையும் சில நூறு பெண்களிடம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், 500 யூனிட் யாருக்குப் போதும், யாருக்குப் போதாது என்பதற்கு நம் மண்ணின் பதில் கிடைக்கும். பிட்ஸ்பர்க்கும் சௌதாம்ப்டனும் நமக்காக அதைச் செய்து தர முடியாது. அங்கே யாரும் பன்னிரண்டு மணி நேரம் பிசிறு வெட்டவில்லை. அந்தக் கணக்கு வரும்வரை பொது மாத்திரையை எல்லாருக்கும் அடிப்படை அளவாக வைத்துக்கொண்டு, எடை கூடியவரையும் வெயிலே காணாதவரையும் தனியே குறித்து மருத்துவரிடம் அனுப்புவதற்கு அட்டையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.